வார இறுதித் தையல் கூடல்: வீட்டில் நடத்தியவர்களின் அனுபவங்கள்

நூற்கண்டு, கோயம்புத்தூர்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வீட்டு மாடியில் பூத்தையல் கூடல் நடத்தினேன். அழைப்பு, சாப்பாடு, பாய் விரிப்பு பற்றியெல்லாம் எழுத வேண்டியதில்லை. உங்களில் பெரும்பாலோர் இதை நடத்தியவர்களே. ஞாயிறு பிற்பகலில் நடந்த ஒன்றுதான் மனத்தை விட்டு அகலவில்லை. புதிதாகக் கற்றுவரும் ஒரு பெண், தலையணை உறையில் தான் தைத்திருந்த தாமரையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தாள். இதழ்களை நிறைவுத் தையலில் நெருக்கமாக, நன்றாகவே நிரப்பியிருந்தாள். வந்திருந்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மா அதைக் கையில் வாங்கியதும், முன்பக்கத்தைப் பார்க்காமலேயே திருப்பி, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு இழுத்துச் சென்றிருந்த நூலையும் முடிச்சுகளையும் விரலால் தடவிப் பார்த்து, "முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் நமக்கு, கண்ணு" என்றார். குரலில் கடுமை சிறிதும் இல்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதன் பிறகு மாலைவரை எல்லோரிடமும் நன்றாகப் பேசினாள். ஊசியை மட்டும் எடுக்கவில்லை. பிறர் துணியைத் திருப்பிப் பார்ப்பது உங்கள் கூடல்களிலும் வழக்கமா என்பதை அறிய விரும்புகிறேன்.

கவந்தி, பெங்களூரு

திருப்பிப் பார்ப்பது குறை காண்பதற்காக என்று கோவைச் சகோதரி கருதுவதாகத் தோன்றுகிறது. அதை நான் ஏற்கவில்லை. கர்நாடகத்தின் கசூத்திப் பூத்தையலில் கவந்தி என்னும் தையலுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், முடிச்சே கிடையாது. துணியில் கோலம் வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணிக்கொண்டே ஓட்டுத் தையலாகப் போய், விட்ட இடைவெளிகளை நிரப்பியபடி அதே வழியில் திரும்பி வருவார்கள். ஆகவே பின்பக்கத்தைப் பார்க்காமல் அந்த வேலையை மதிப்பிடவே இயலாது. எங்கள் கூடலுக்குத் தார்வாட் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் நான் தைத்த கோபுரத்தைத் திருப்பி, பேச்சுக்கு நடுவே நகத்தால் வரி வரியாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நகம் நின்றது. "இங்கேதானே தொடங்கினீர்கள்?" என்றார். நூலின் முனையை நான் எங்கே ஒளித்து வைத்தேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. என் வேலையை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் அதுவரை எவருமில்லை. அந்தப் பெண்ணுக்கும் பின்பக்கத்தைச் சரியாக அமைக்கும் முறையை அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பார்த்தது தவறன்று, பார்த்துவிட்டுச் சொல்லிக் கொடுக்காமல் விட்டதுதான் குறை.

மலைத்தேன், உதகை

கசூத்தியின் விதியை எல்லாத் தையலுக்கும் பொருத்துவது சரியன்று. சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கூடலுக்குத் தோடர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி வந்திருந்தார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூத்தையலை இங்கே அறியாதவர் இருக்க மாட்டீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில், படம் எதுவும் வரையாமல், இழைகளை எண்ணி, கறுப்பு, சிவப்பு நூல்களால் தைத்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் ஆர்வத்தோடு குனிந்து, "இதில் எது நல்ல பக்கம்?" என்று கேட்டார். அவர் தைப்பதை நிறுத்தி, துணியை ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் காட்டிவிட்டு, பதில் சொல்லாமல் மறுபடி எண்ணத் தொடங்கினார். நூல் சற்று மேலெழும்பிச் சொரசொரப்பாக நிற்கும் பக்கத்தைத்தான் தோடர்கள் சால்வையில் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள். நம் கண்ணுக்கு அது பின்பக்கமாகத் தெரிகிறது. கேட்டவரும் பண்போடுதான் கேட்டார். ஆயினும் அந்தப் பெண்மணியின் எண்ணிக்கையை நாங்கள் கலைத்துவிட்டோமோ என்ற எண்ணம் இன்னும் எனக்கு இருக்கிறது.

சங்கிலி, மதுரை

பின்பக்கம் பற்றிய பேச்சு என்பதால் இதைச் சொல்கிறேன். எங்கள் கூடலில் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் சங்கிலித் தையல், செய்யும் ஒரு தொழிலாளியை வரவழைத்து, நாள் முழுவதும் சட்டத்தில் வேலை செய்து காட்டச் சொன்னோம். ஆரியில் ஊசி மேலே இருக்கும். நூலைப் பிடித்துக் கொக்கிக்குக் கொடுப்பது துணிக்கு அடியில் இருக்கும் இடது கை. காலை முழுவதும் நாங்கள் மேலேயே பார்த்துக்கொண்டு, பிளவுஸ் கூலி எவ்வளவு என்றே விசாரித்துக்கொண்டிருந்தோம். கைப்பகுதிக்கு ஒரு கொடியை முடித்துவிட்டு, கடைசிக் கண்ணியைப் பூட்டுவதற்கு முன் அவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். ஒரு குழந்தை நூல் முனையைப் பிடித்து இழுக்க, கொடி முழுவதும் தொடக்கம்வரை ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது. தாய் பதறினார். தொழிலாளியோ ஒரு சொல்லும் சொல்லாமல் உட்கார்ந்து, குழந்தையைச் சட்டத்துக்கு அடியில் உட்காரவைத்து, செல்பேசி விளக்கைக் கையில் கொடுத்து, "என் கையைப் பார்" என்றார். கொடியின் படத்தைப் பிரதி எடுத்த வெள்ளைப் பொடிக் கோடு துணியில் அப்படியே இருந்தது. முதல்முறையைவிட வேகமாகக் கொடி வளர்ந்தது. அடியிலிருந்து பார்க்க வேண்டும் என்று பெரியவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றளவும் வருத்தம்தான்.

ஆறிழை, சென்னை

என் அனுபவம் சிறியது. வெள்ளை மேசைவிரிப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரே கோலத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது மோர் கொட்டியது. அடர்சிவப்பு நூல் சாயம் விட்டு விரிப்பின் நடுவில் இளஞ்சிவப்பாகப் படர்ந்தது. அந்த நிறம் பரவியதைப் பார்த்தபடி அத்தனை பேரும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்த காட்சி மறக்கவில்லை.

எவரும் கேட்கவில்லை என்றாலும், புதிதாக நடத்த நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல்களை முன்கூட்டியே ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைக் கூடலுக்குக் கொண்டுவர வேண்டாம். உணவை வேறு அறையில் வையுங்கள். முறுக்கு தின்ற கையோடு துணியைத் தொட்டால் எண்ணெய்க் கறை ஏறும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுமாறு சன்னலோரம் இடம் கொடுங்கள். கறுப்புத் துணியில் தைப்பவரின் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தால் இழைகள் தெளிவாகத் தெரியும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்ட விடாதீர்கள். நீளம் கூடினால் துணிக்குள் போய்வந்தே நூல் தேய்ந்து பஞ்சாகிவிடும். எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழைகளையும் ஒன்றாகப் பிரிக்க முயன்றால் சிக்கும் என்பதால், ஒவ்வோர் இழையாக உருவி, பிறகு வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு தங்குபவர்கள் தையல் வளையத்திலிருந்து துணியைக் கழற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டத் தடம் பதிந்துவிடும். கத்திரிகளுக்கு ஆளுக்கொரு நிற நூல் கட்டிவிட்டால் யாருடையது என்ற தகராறு வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். குறைந்தால் பாயைச் சுருட்டும் முன் காந்தத்தை ஓட்டுங்கள். குழந்தைகள் தவழும் வீடு என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ரேந்தை, நாகர்கோவில்

அறிவுரைகள் யாவும் பயனுள்ளவையே. ஆனால் எங்கள் ஊர் ரேந்தை (லேஸ்) பின்னுபவர்கள் கூடலுக்கு வந்தால் காந்தம் உதவாது. பின்னலைத் தாங்கும் தலையணையில் குத்துவது துருப்பிடிக்காத பித்தளைக் குண்டூசி, அது காந்தத்தில் ஒட்டாது. துடைப்பமும் விளக்கு வெளிச்சமும்தான் வழி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் அம்மையார் இங்கே கற்பித்ததும், அவருடைய மகள் எலைசா கால்டுவெல் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குக் கொண்டுபோனதும் ஆகிய அதே பின்னல் இது. என் கூடலுக்கு வந்த பாட்டி ஒருவர் தலையணையை மடியில் வைத்து, நூல் சுற்றிய குச்சிகளை இணை இணையாகப் புரட்டிக்கொண்டே பேசினார். கைகளைப் பார்க்கவே இல்லை. பேச்சு நின்றால் கையும் நின்றது. படம் பிடிக்க வேண்டி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னோம். பாட்டியால் ஒரு கண்ணிகூடப் போட முடியவில்லை. "ஏதாவது கேளுங்க மக்களே" என்றார். அவருடைய மகனின் திருமணத்தைப் பற்றி ஒருவர் கேட்டதும் குச்சிகள் மறுபடி ஓடின. கைவேலையைப் படம்பிடிக்கும்போது அமைதி வேண்டும் என்று கூடல் நடத்துபவர்கள் பலரும் வற்புறுத்துகிறார்கள். அது எல்லாக் கைகளுக்கும் பொருந்தாது.

அந்திவிளக்கு, கும்பகோணம்

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஒருவர் ஊசி கேட்டார். கையிலிருந்து கைக்குக் கொடுக்க என் மாமியார் மறுத்து, ஒரு துணி ஓரத்தில் ஊசியைக் குத்திக் கீழே வைத்து, "எடுத்துக்கொள் அம்மா" என்றார். கேட்டவர் படித்தவர், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பெரிய விவாதத்தைத் தொடங்கிவிட்டார். என் மாமியார் வாதாடவில்லை. கடைகளில்கூட அந்தி சாய்ந்தால் ஊசி விற்காத காலத்தில் வளர்ந்தவர் அவர். மங்கிய வெளிச்சத்தில் கை தவறினால் ஊசி கிடைக்காது என்ற அச்சம் அந்த வழக்கத்துக்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். கேட்டவர் கடைசிவரை அந்தத் துணியை எடுக்கவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன். இப்போது எங்கள் கூடல் மாலை ஆறு மணிக்கு முடிகிறது. சென்னைச் சகோதரி சொன்ன ஊசி எண்ணிக்கையை ஐந்தரைக்கே எடுத்துவிடுகிறோம்.