புதுப்பிப்பு: இடிமழைக்குப் பின் ஆன் ஆகாத கம்ப்யூட்டர்

முன்பு கேட்டது இதுதான்: பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கூட அசையவில்லை, மதர்போர்டு லைட்டும் எரியவில்லை. மதர்போர்டே போய்விட்டது என்றுதான் பலர் சொன்னீர்கள். போகவில்லை, போனது எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி).

சுவர் பிளக், பவர் கார்டு இரண்டும் சரி. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயருக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால், பட்டனைத் தொடாமலே 5 வோல்ட் காட்ட வேண்டும் (4.75 முதல் 5.25 வரை பரவாயில்லை). காட்டியது 0.8. கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் வரவேண்டிய இந்த ஸ்டாண்ட்பை வோல்டேஜ் இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதே போர்டுக்குத் தெரியாது. பச்சை ஒயரையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக ஆன் செய்து பார்க்கும் சோதனை இந்த நிலையில் வீண். ஊதாவில் 5 வோல்ட் வந்தால்தான் அதற்கு அர்த்தம். எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் 9-ஆம் பின்னைப் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபியூஸை மட்டும் மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஃபியூஸுக்கு அடுத்த பாகங்களில் ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தால் புது ஃபியூஸும் உடனே போகும். திறப்பதும் ஆபத்து: உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

புது 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். மாட்டியதும் ஆன் ஆனது. ஆனால் லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் இடம்) செத்திருந்தது: கேபிளை மாற்றினாலும் லைட் இல்லை. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) ஆன்போர்டு லேனை டிஸேபிள் செய்துவிட்டு யு.எஸ்.பி. லேன் அடாப்டர் போட்டாயிற்று. மின்னல் கரண்ட் லைனில் மட்டும் வருவதில்லை. ரவுட்டர் கேபிளையும் கழற்றி வையுங்கள். பழைய ஸ்பைக் பஸ்டரில் லைட் எரிந்தாலும் உள்ளிருந்து அதிக வோல்டேஜைத் தடுக்கும் வேரிஸ்டர் என்ற பாகம் தீர்ந்திருக்கலாம், அதனால் ஸ்பைக் பஸ்டரையும் மாற்றியாயிற்று.