சிங்கப்பூரில் கூட்டம் இல்லாத காட்டுவழிகள் எங்கே?

வாசுகி_ஈசூன்:
மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் தொங்குபாலத்துக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் தேர்த்திருவிழாக் கூட்டம். மெக்ரிட்சியில் முக்கியப் பாதையிலிருந்து ஒற்றையடித் தடங்கள் பிரிந்து போகின்றனவே, அதில் இறங்கிப் பார்க்கலாமா? அம்மாவும் வருவார். வயது 68, ஆனால் என்னைவிட வேகமாக நடப்பார்.

குமரன்77:
இறங்காதீர்கள். வனப்பகுதியில் பாதையை விட்டு விலகினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அதில் காட்டுப்பன்றி போட்ட தடமும் இருக்கும்.

பழைய_தடம்:
குமரன் சொல்வது சரி. மறைந்திருக்கும் வழிதான் வேண்டுமென்றால், மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன இடங்களைத் தேடுங்கள் வாசுகி. இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை.

அம்மாவோடு முதலில் தாம்சன் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 2019-ல் திறந்தார்கள். ஒரு காலத்தில் ஹைனானியர்கள் (சீனாவின் ஹைனான் தீவுக்காரர்கள்) ரம்புத்தான் தோட்டம் போட்டு வாழ்ந்த கம்பம், அதாவது கிராமம், அது. 1980களில் கடைசிக் குடும்பங்களும் கிளம்பிவிட்டன. இப்போது வீட்டுக்கு ஏறும் படிகள் இருக்கின்றன, வீடு இல்லை. பாசி பிடித்த சுவர்மேல் ஆலமர வேர் இறங்கியிருக்கும். நான் முதலில் மரத்தைத்தான் பார்ப்பேன். காட்டு மரங்களுக்கு நடுவே ரம்புத்தானும் பலாவும் சேர்ந்து நின்றால், பக்கத்தில் யாரோ குடியிருந்திருக்கிறார்கள். கொஞ்சம் நின்று தரையைப் பார்த்தால் சிமெண்டு வாய்க்காலோ தொட்டியோ பாதையிலிருந்தே கண்ணில் படும். (பழத்தைப் பறிக்கக் கூடாது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!)

பூங்காவை ஒட்டிய பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்தது. என் மகன் நம்பவில்லை. அந்த வளைவுகளில் நடக்க வைத்த பிறகுதான் வாயை மூடினான்.

உங்களுக்கு மட்டும் இன்னொன்று: மவுண்ட் ஃபேபர் அடிவாரத்தில் கெப்பல் ஹில் நீர்த்தேக்கம். பிற்காலத்தில் நீச்சல் குளமாகவும் இருந்து, வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. 2014-ல் தேசிய மரபுடைமைக் கழகம் சொன்ன பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. பக்கத்தில் ஒரு ஜப்பானியக் கல்லறையும் உண்டு. ஒழுங்கான பாதை கிடையாது, வழுக்கும். அம்மாவை அங்கே கூட்டிப் போக வேண்டாம். அவருக்கு ஹார்பர்ஃப்ரண்ட் பக்கத்திலிருந்து மவுண்ட் ஃபேபருக்கு ஏறும் மராங் பாதை போதும். படிகள் அதிகம், நிழலும் அதிகம்.

குமரன்77:
நடைபாதையாக மாறிய பழைய ரயில் பாதையை விட்டுவிட்டீர்களே? 24 கிலோமீட்டர், சமதரை, புக்கிட் தீமாவில் இரும்புப் பாலம் வேறு.

பழைய_தடம்:
நல்ல வழிதான், ஆனால் அவர் கேட்டது கூட்டமில்லாத இடம். 2011-ல் கடைசி ரயில் போன புதிதில், முழங்கால் அளவு புல்லில் தண்டவாளத்தைத் தேடி நடந்தோம். இப்போது சனி காலையில் போனால் சைக்கிள் மணிச் சத்தம்தான் காதில் விழும். வார நாளில் போகலாம்.

வாசுகி_ஈசூன்:
மிக்க நன்றி அண்ணா. வரும் சனி தாம்சன்தான். குரங்குத் தொல்லை இருக்குமா? அப்புறம், கழிப்பறை?

பழைய_தடம்:
பிளாஸ்டிக் பையைக் கையில் பிடிக்காதீர்கள், சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்கும். எல்லாம் முதுகுப் பைக்குள் போகட்டும். கழிப்பறை கார் நிறுத்துமிடத்துப் பக்கம் இருக்கிறது, உள்ளே கிடையாது. மதிய இடிமழைக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள்.