லாக் ரோலுக்கு ஒரு தமிழ்ச் சொல்: வியாழனுக்குள் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

திருச்சிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் செவிலி உதவியாளர் வகுப்பு எடுக்கிறேன். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பத்தாவது முடித்த பெண்கள். அவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கி முடித்தாயிற்று. உடம்பு துடைத்துவிடுவது, வாய் சுத்தம் செய்வது, நாடி பார்ப்பது, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது எல்லாவற்றுக்கும் வீட்டுத் தமிழே போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: லாக் ரோல். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதுகுத்தண்டில் அடிபட்டவரை, அல்லது அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவரைத் திருப்பும்போது தலை, கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே கோட்டில் இருந்தபடி ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். நான்கு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் தலைமாட்டில் நின்று தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் என்று வரிசையாக நிற்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஆட்களின் கைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும். தலைமாட்டில் இருப்பவர் எண்ணினால்தான் மற்றவர்கள் அசையலாம்.

பழைய வரைவில் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து 'மரக்கட்டை உருட்டல்' என்று இருந்தது. அதை வகுப்பில் வாசித்தபோது கடைசி வரிசையில் ஒரு பெண், "மிஸ், உசுரோட இருக்கிறவங்களப் போய்க் கட்டைன்னு எழுதியிருக்கீங்களே" என்றாள். அவள் அப்பா ஆறு மாதம் படுக்கையில் இருந்து இறந்தவர். 'இந்தக் கட்டை வேகிற வரைக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வது எதை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

அன்புடன்,
ம.

*

வணக்கம் ம.

லாக் ரோல் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். அவசரப் பிரிவில் டாக்டர் அதைத்தான் கத்தப்போகிறார். கையேட்டில் ஒன்று, வார்டில் ஒன்று என்றால் தடுமாறுவது அந்தப் பெண்கள்தான். பஸ்ஸைப் பேருந்து ஆக்கினோம், அது நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முப்பது நாற்பது வருடம் பள்ளிப் புத்தகம் உதவியது. உங்களுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

வி.

*

அன்புள்ள ம. அம்மாவுக்கு,

தம்பி வி. சொல்வதை நான் ஏற்கவில்லை. நம்மிடம் வினை இருக்கிறது. புரள் என்பது தன்வினை, புரட்டு என்பது பிறவினை. உருள் - உருட்டு, சுருள் - சுருட்டு, திரள் - திரட்டு எல்லாம் இதே வாய்பாடு. தானே புரள முடியாதவரை நாம் புரட்டுகிறோம். எனவே 'நேர்ப்புரட்டல்'. இலக்கணம் சுத்தம்.

இன்னொன்று. 'செவிலி உதவியாளர்' என்ற பெயரையே மாற்ற இது நல்ல நேரம். செவிலி என்பவள் அகப்பாடல்களில் வளர்ப்புத் தாய். தலைவி காதலனோடு உடன்போக்குப் போனபின் அவளைத் தேடிப் பாலை வழியில் நடந்தவள். நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு வள்ளுவர் 950ஆம் குறளிலேயே தனிப்பெயர் தந்துவிட்டார்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து செய்பவர் என நான்கு கூறு. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருப்பவர் உழையர். இதைவிடப் பொருத்தமாக இந்த வேலைக்கு எந்த மொழியிலும் பெயர் இருக்குமா என்பது ஐயமே. உழையர் என்றே கையேட்டின் அட்டையில் போடலாம்.

க.ரா.

*

ஐயா, உழையர் மனதைத் தொடுகிறது. ஆனால் அட்டையில் 'உழையர் கையேடு' என்று பார்த்தால் உழைப்பவர் என்று எழுத வந்து பிழையாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

நேர்ப்புரட்டலில் வேறு சிக்கல். நான் மதுரையில் எலும்பு முறிவு வார்டில் செவிலியர். எங்களிடம் ஒருவர் 'புரட்டுது' என்றால் உடனே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவோம். வயிற்றைப் புரட்டுவதுதான் அது. ம. அக்கா அனுப்பிய வரைவிலேயே 'வாந்தி, புரட்டல் இருந்தால் செவிலியரிடம் சொல்லவும்' என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி 'இருவர் மட்டும் இருக்கும்போது புரட்டல் கூடாது' என்றால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

இது ஏன் எனக்கு முக்கியம் என்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு ஓர் ஊர் மருத்துவமனையில், மாடியிலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரைத் திருப்பினோம். யாரோ "திருப்பு" என்றார்கள். யார் எண்ணுவது என்று பேசிவைக்கவில்லை. இடுப்பைப் பிடித்திருந்த நான் முதலில் இழுத்துவிட்டேன். தோள் பின்னால் வந்தது, தலை அதற்கும் பின்னால். அவர் வலியில் கத்தவில்லை. "தங்கச்சி, கை மரத்துப்போகுது" என்று மெதுவாகச் சொன்னார். சிறிது நேரத்தில் உணர்வு திரும்பிவிட்டது. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் இன்றைக்கும் எனக்குள் இருக்கின்றன. திருப்பு என்பது மட்டும் போதாது. 'எல்லோரும் ஒன்றாக' என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

செ.

*

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இஞ்சை நாங்கள் தாதியர் என்றுதான் சொல்கிறது. சிங்கப்பூர், மலேசியாவிலும் அதுதான். ஆகவே செவிலியா உழையரா என்ற சண்டையில் எங்களுக்குப் பங்கில்லை. பேச்சிலே 'பிரட்டு' என்போம். ஆளைப் பிரட்டிவிடு என்றால் எந்த உதவியாளருக்கும் விளங்கும். ஆனால் செ. சொன்ன 'எல்லோரும் ஒன்றாக' அதில் இல்லை. அதுதான் குறை.

தா.

*

செ. அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இரவு முழுக்க இதே யோசனை. புரட்டலை விட்டுவிடுகிறேன்.

அடங்கு - அடக்கு, ஒடுங்கு - ஒடுக்கு. அதே போல ஒருங்கு - ஒருக்கு. சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர்ப்பது ஒருக்குதல். மனத்தை ஒருக்குதல் என்பது பழைய வழக்கு. இங்கே தலை முதல் கால் வரை உடலையும் ஒருக்க வேண்டும், நான்கு பேரின் கைகளையும் ஒருக்க வேண்டும். எனவே 'ஒருக்கித் திருப்பல்'. நாம் தினமும் சொல்லும் 'ஒருக்களித்துப் படு' என்பதற்கும் வேர் இதுவே என்பது என் துணிபு. அகராதியில் ஒருக்கணித்தல் என்று ணகரத்தோடு இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்தல் என்று பொருள். உடலை ஒரு பக்கத்துக்கு ஒருக்குவதால் அந்தப் பெயர். குழந்தை முதலில் ஒருக்களிக்கும், பிறகு குப்புற விழும், பிறகு தலை தூக்கும், பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம் வந்துவிடும்.

க.ரா.

*

ஐயா, ஒருக்கணித்தலுக்கு அந்த வேரை நான் ஒப்பவில்லை. ஒருக்கு என்பதிலிருந்து வந்தால் நடுவில் உள்ள 'அணி' எங்கிருந்து வந்தது? இதைத் தனி இழையில் பேசலாம்.

ஒரு விளக்கமும் வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைப்பது வேறு, லாக் ரோல் வேறுதானே? இரண்டையும் கலந்துகொண்டே போகிறோம்.

வி.

*

வேறுதான், நன்றி வி. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிப் படுக்கவைப்பது தினசரி வேலை. பிட்டத்து மேலெலும்பு, குதிகால், இடுப்பெலும்பு, பின்தலை எல்லாம் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கிறதா என்று பார்த்துச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். அதற்கு 'மாற்றிப் படுக்கவைத்தல்' என்றே எழுதிவிட்டேன், யாரும் மறுக்கவில்லை. லாக் ரோல் முதுகுத்தண்டுக்காரர்களுக்கு. அதை உதவியாளர் தானாக முடிவெடுத்துச் செய்யவும் கூடாது.

ம.

*

ஒருக்கித் திருப்பல் எங்களுக்குச் சரிவராது ஐயா. யாழ்ப்பாணத்தில் 'ஒருக்கா' என்றால் ஒரு தடவை. 'ஒருக்கா வந்திட்டுப் போங்கோ' என்போம். 'ஒருக்கித் திருப்பு' என்று கத்தினால் ஒருக்கால் திருப்பினால் போதும் என்று விளங்கிக்கொள்வார்கள்.

தா.

*

தென்மாவட்டங்களிலும் ஒருக்கா உண்டு. எனக்கும் அப்படித்தான் காதில் விழுந்தது.

ஒரு வேண்டுகோள். திருப்பப்படுகிறவர்களையும் கேட்போமே. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். வேலூரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு மையம் அமையக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். படுக்கையில் கிடந்து, பிறர் கையால் திருப்பப்பட்டு, எழுந்து வந்து இவ்வளவு செய்தவர்கள் நம்மிடையே வாழ்ந்திருக்கும்போது கட்டை என்ற சொல் எந்த வடிவிலும் வேண்டாம். அகராதிக் குறிப்பில்கூட வேண்டாம்.

செ.

*

நண்பர்களே,

நேற்று வகுப்பில் பொம்மைக்குப் பதில் ஒரு மாணவியையே படுக்கவைத்தோம். கையில் ஒரு தாளில் நான்கு சொற்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றையும் தலைமாட்டில் நிற்பவள் உரக்கச் சொல்லிவிட்டு எண்ண வேண்டும். 'நேர்ப்புரட்டல்' என்றபோது படுத்திருந்தவளே சிரித்துவிட்டாள், கழுத்து ஆடிவிட்டது. 'ஒருக்கித் திருப்பல்' வாயில் வரவில்லை. 'லாக் ரோல்' என்றதும் மற்ற மூவரும் பாடப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். 'ஒருசேரத் திருப்பணும், ஒண்ணு, ரெண்டு, மூணு' என்றபோது எட்டுக் கைகளும் சேர்ந்து அசைந்தன. கட்டை என்று சொல்லாதீர்கள் என்ற அதே பெண்தான் தலைமாட்டில் நின்றாள். இறக்கிவைத்த பிறகும் அவள் கழுத்தை விடவில்லை, தலையணைச் சுருளை இருபுறமும் வைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.

ஆகவே 'ஒருசேரத் திருப்புதல்' என்று போடுகிறேன். மருத்துவர்கள் லாக் ரோல் என்பார்கள் என்று முதல் முறை வரும் இடத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். வி., செ., தா. மூவரும் சரி என்றிருக்கிறார்கள். ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை.

ம.

*

அம்மா,

மூவர் சரி என்றபின் நான் குறுக்கே நிற்கவில்லை, அச்சுக்கு அனுப்புங்கள். ஆனால் 'ஒருசேர' என்பது வினையடை. அடையும் வினையுமாகச் சேர்த்து வைத்தால் அது சொற்றொடர், கலைச்சொல் ஆகாது. நாளைக்கு இதிலிருந்து ஒரு பெயரெச்சம் வேண்டுமென்றால் 'ஒருசேரத் திருப்பப்பட்ட நோயாளி' என்று நீட்ட வேண்டிவரும். இரண்டாம் பதிப்பு வரும்போது ஒருக்கலை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன். தா. அம்மா சொன்ன 'ஒருக்கா'வுக்கும் அதற்குள் விடை தேடிவைக்கிறேன்.

க.ரா.

*

ஐயா, அதற்கு முன்னால் இன்னொன்று. ஆளுக்கு அடியில் குறுக்காகப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து மேலே நகர்த்துகிற துணி இருக்கிறதே, டிரா ஷீட். அக்காவின் வரைவில் 'வரைதல் விரிப்பு' என்று இருக்கிறது. இன்றைக்கு ராத்திரிக்குள் யாராவது மாற்றித் தாருங்கள். எங்கள் வார்டில் ஆயாக்கள் 'இழுவைத் துணி' என்கிறார்கள்.

செ.