செமிகுவேவர் எண்ணப் பழகியது எப்படி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாலைநேர மாணவி:

41 வயதில் பியானோ தொடங்கினேன். மேற்கத்திய இசைத்தாளில் தட்டுக்கு ஒன்றாக வரும் கிராட்செட்டும் தட்டுக்கு இரண்டாக வரும் குவேவரும் தொல்லை தரவில்லை. தட்டுக்கு நான்காக, தலையில் இரட்டைக் கோடு போட்ட செமிகுவேவர் வந்த நாளிலிருந்து என் தாளம் நிலைகொள்ளவில்லை. ஆசிரியை "ஒன் ஈ அண்ட் அ, டூ ஈ அண்ட் அ" என்று சொல்லிக்கொடுத்தார். நான்கும் வரிசையாக வந்தால் வாசித்துவிடுவேன். புள்ளி வைத்த (அதனால் ஒன்றரை மடங்கு நீளும்) குவேவரும் அதன் வாலில் ஒற்றைச் செமிகுவேவரும் வந்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் பிசகும். நீளம் மூன்றுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். என் கையில் இரண்டுக்கு ஒன்றாகிவிடும். கேட்க ஊஞ்சல் ஆடுவது போல இருக்கும். தாளில் இருப்பதோ அணிவகுப்பு நடை.

மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் 1722இல் தொகுத்த முன்னிசைகளில் (பிரிலூட்) முதலாவதான சி மேஜரை எடுத்தேன். ஒரு பாருக்கு, அதாவது நான்கு தட்டுக் கொண்ட ஒரு சுற்றுக்கு, 16 செமிகுவேவர். கடைசிச் சில பார்கள் நெருங்கும் வரை ஒரே அச்சு. இடது கையின் முதல் சுரம் "ஒன்"னில் விழுகிறது, இரண்டாவது "ஈ"யில். வலது கை "அண்ட்"டில்தான் உள்ளே வருகிறது. அதுவரை "ஈ" என்பது வாய்க்குள் வந்துபோகும் ஓசையாகவே எனக்கு இருந்தது. அந்த இடத்தில் ஒரு சுரம் குடியிருப்பதை அன்றுதான் கண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். நிமிடத்துக்கு இத்தனை என்று "டிக்" அடிக்கும் மெட்ரோனோமை 60இல் வைத்தால் மெதுவாகத்தான் தோன்றும், ஆனால் நொடிக்கு நான்கு சுரம் வாசித்தாக வேண்டும். அதனால் 80இல் வைத்து, ஒவ்வொரு "டிக்"கையும் ஒரு செமிகுவேவராக எடுத்துக்கொண்டேன். கணக்குப்படி கிராட்செட்டின் வேகம் வெறும் 20. அந்த நத்தை நடையில்தான் நான் எந்த இடத்தை விழுங்குகிறேன் என்று காதுக்குத் தெரிந்தது: எப்போதும் "அண்ட்".

உங்களுக்கு எது கைகொடுத்தது? குறிப்பாக அந்தப் புள்ளி வைத்த குவேவர்?

மிருதங்கத்துக்காரன்:

சகோதரி, நீங்கள் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடியவராக இருந்தால் இதை ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள். முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கிராட்செட்டைத் தட்டாக வைத்தால் மூன்றாம் காலமும் செமிகுவேவரும் ஒன்றுதான்.

நண்பர் ஒருவரின் மகள் கீபோர்டு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எட்டுச் செமிகுவேவர் கொண்ட ஒரு துணுக்கில் முதலாவது, நான்காவது, ஏழாவது சுரங்களுக்கு மேல் அழுத்தக் குறி. "ஒன், அப்புறம் அ, அப்புறம் டூவுக்குப் பின்னால் வரும் அண்ட்" என்று விரல்விட்டு எண்ணி எண்ணி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். நான் தாளைப் பார்த்துவிட்டு "தகிட தகிட தக" என்று சொல்லிக் காட்டினேன். மூன்று, மூன்று, இரண்டு. கூடவே தொடையில் இரண்டு தட்டு போடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வாசித்தாள்! அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் புள்ளிக்கு வருகிறேன். அதை "த , , மி" என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காற்புள்ளியும் ஓர் அட்சரக் கார்வை, அதாவது முன் சொல் நீண்டு நிற்கும் ஓர் அலகு. கார்வையை ஓய்வு என்று நினைக்கும்போதுதான் அது சுருங்குகிறது. அடிக்காத அட்சரத்தையும் உள்ளே சொல்லித்தான் தீர வேண்டும். என் குருநாதர் கார்வை வரும் இடத்தில் என் விரலைப் பார்க்க மாட்டார், உதட்டைப் பார்ப்பார்.

அமெரிக்கப் பள்ளி ஒன்றின் இசை ஆசிரியை:

மிருதங்க ஐயா சொன்னதை ஒட்டி ஒன்று. கல்லூரியில் தாளப் பாடத்தின் முதல் நாள், பேராசிரியர் கரும்பலகையில் "தகதிமி" என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஹாஃப்மன், பெல்ட்டோ, வைட் என்ற மூவர் 1996இல் வெளியிட்ட கற்பிக்கும் முறை அது. பெயரே தகதிமிதான். சொற்கள், தாளத்தை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலிலிருந்து போனவை.

ஆனால் அதே சொற்களை அவர்கள் வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இதில் நான் நிறையக் குழம்பியதால் எழுதுகிறேன். நம் முறையில் சொல் கொத்தைக் காட்டுகிறது. மூன்று என்றால் தகிட, அது தட்டின் எந்த இடத்தில் தொடங்கினாலும் சரி. அவர்கள் முறையில் சொல் இடத்தைக் காட்டுகிறது. தட்டு விழும் இடம் எப்போதும் "த". அதன் சரிபாதி எப்போதும் "தி". இரண்டு குவேவர் வந்தால் "த தி". ஒரு குவேவரும் இரண்டு செமிகுவேவரும் வந்தால் "த திமி". செமிகுவேவர் இரண்டு முதலில் வந்தால் "தக தி". புள்ளி வைத்த குவேவர் என்றால் "த மி". தட்டே மூன்றாகப் பிரியும்போதுதான் "தகிட" வரும்.

அதனால் ஐயாவின் தகிட தகிட தக அங்கே "த, மி, தி" என்றாகும். முதல் வாரம் என் நாக்கு இதற்குச் சம்மதிக்கவில்லை. இப்போது வகுப்பில் இரண்டையும் கற்றுத்தருகிறேன். முதல் பார்வையில் தாளைப் பார்த்து வாசிக்க இடம் சொல்லும் முறையே நல்லது என்பது என் முடிவு. மனப்பாடமான பிறகு கொத்தைக் காட்டும் நம் சொற்கட்டு உயிர் தருகிறது. பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு "ஒன் ஈ அண்ட் அ"வைவிடத் தகதிமி வேகமாக ஒட்டுகிறது. எண்ணும்போது "செவன்" போன்ற ஈரசைச் சொல் வந்தால் அவர்கள் வாய் தடுக்கும்; தகதிமியில் அந்தத் தொல்லை இல்லை.

ஆறுகம்பி:

கிட்டாரில் எனக்கு வாயைவிடக் கைதான் கணக்கு. "ஒன்", "டூ" என்ற எண்ணிலும் "அண்ட்"டிலும் கை கீழே போகும், "ஈ"யிலும் "அ"விலும் மேலே வரும். சுரம் இல்லாத இடத்தில் கம்பியைத் தொடாமல் கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நான் ஓராண்டு கையை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். நிறுத்திய ஒவ்வொரு முறையும் அடுத்த அடி முந்திக்கொண்டது.

டிரம்ஸ் பையனின் அப்பா:

என் மகனுக்கும் இதுவேதான் சொல்லப்பட்டது. வலது, இடது, வலது, இடது. எண்ணும் "அண்ட்"டும் வலது கைக்கு, மற்ற இரண்டும் இடது கைக்கு. இடது கை ஓசை மெலிந்திருந்தால் "ஈ"யும் "அ"வும் காணாமல் போகும். இப்போது அவன் இடது கையால் மட்டும் தினமும் ஐந்து நிமிடம் வாசிக்கிறான். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்கிறேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

மாலைநேர மாணவி:

எல்லோருக்கும் நன்றி. மிருதங்க ஐயா, இன்று காலை பியானோ மூடியைத் திறக்காமல் அதன் மேலேயே தட்டி "த , , மி" சொன்னேன். காற்புள்ளி இரண்டையும் "க", "தி" என்று உதட்டில் மட்டும் வைத்துக்கொண்டேன். 20இலிருந்து 40 வரை ஊஞ்சல் வரவில்லை. 52இல் மறுபடி "தி"யை விழுங்குகிறேன்.

ஒரு சந்தேகம். வேகம் கூடும்போது நீங்களும் கார்வையை உதட்டில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறீர்களா, அல்லது ஒரு கட்டத்தில் அது கைக்குள் இறங்கிவிடுமா?

மிருதங்கத்துக்காரன்:

இறங்கிவிடும். எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது. 52க்குப் போகாதீர்கள், இந்த வாரம் 44இலேயே இருங்கள்.