ஒளிரும் பாலிமர் திரைகள்: முடிந்துபோன கதையா?

கரிச்சங்கிலி:
1989இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில், பிபிவி என்ற பாலிமரின் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக் வகை) மெல்லிய படலத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது அது மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிர்ந்தது. ஜெரமி பரோஸ், டோனல் பிராட்லி, ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழு 1990இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டது. பிளாஸ்டிக்கை மையாகக் கரைத்து டிவியையே அச்சடித்துவிடலாம் என்று ஒரே பரபரப்பு. இன்று கடையில் கிடைக்கும் ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருள் திரை) போன், டிவி பெரும்பாலும் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த சிறு மூலக்கூறுகள்தான். அது கோடக்கில் சிங் டாங்கும் வான் ஸ்லைக்கும் 1987இல் காட்டிய வழி. என்னைக் கேட்டால் பாலிமர் திரையின் கதை முடிந்தது. மறுப்பவர்கள் வரலாம்.

மைத்துளி:
மறுக்கிறேன். ஆவியாக்கும் முறையில் எவ்வளவு வீண் என்று பாருங்கள். விலை உயர்ந்த பொருளில் கணிசமான பங்கு அறைச் சுவரிலும், பொருள் எங்கே படிய வேண்டும் என்று வரையறுக்கும் துளைத் தகடான மாஸ்க்கிலும் ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடி பெரிதாகப் பெரிதாக, அந்த மெல்லிய உலோக மாஸ்க் தன் எடையிலேயே தொய்கிறது. பாலிமர் என்றால் கரைத்து, தேவையான இடத்தில் மட்டும் சொட்டுவிட்டால் போதும். 2002இலேயே பிலிப்ஸ் பாலிமர் டிஸ்ப்ளே வைத்த ஷேவர் விற்றது. 2004இல் சீக்கோ எப்சன் 40 அங்குல இங்க்ஜெட் மாதிரியைக் காட்டியது.

கரிச்சங்கிலி:
ஷேவரா! தினமும் சில நிமிடம் மட்டும் எரியும் திரைக்கு ஆயுள் ஒரு பிரச்சினையே இல்லையே, நண்பரே. டிவி தினமும் மணிக்கணக்கில் ஓடுகிறது. அங்கேதான் நீல ஒளி தரும் பொருள் காலை வாரியது. நீலத்துக்குப் பாலிஃப்ளுரீன் வகைகளை நம்பினார்கள். ஆக்சிஜன் பட்டால் சங்கிலியில் அங்கங்கே கீட்டோன் என்ற ஆக்சிஜன் ஏறிய குறை உண்டாகி, நீலம் பச்சைப் பக்கம் நழுவிவிடும்.

தூய்மையும் இன்னொரு தலைவலி. சிறு மூலக்கூறைத் திரும்பத் திரும்பப் பதங்கமாக்கிச் சுத்தம் செய்யலாம். பாலிமர் ஆவியாகாது, சூடாக்கினால் சிதையும். சங்கிலி நீளம் ஒரே மாதிரி இருக்காது, வினையூக்கியாகப் போட்ட பல்லேடியம் கொஞ்சம் தங்கிவிடும், ஒரு தொகுதி போல அடுத்த தொகுதி வராது. எந்தத் தொழிற்சாலை இதைத் தாங்கும்?

பின்வரிசை:
நடுவில் ஒரு சந்தேகம். கரைத்துப் பூசுவது சுலபம் என்கிறீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு வேண்டுமே, எப்படிப் பூசுவார்கள்?

கரிச்சங்கிலி:
சரியான கேள்வி. காய்ந்த வாட்டர்கலர் மேல் ஈரத் தூரிகையை ஓட்டினால் அடியில் உள்ள வண்ணம் கலங்கும், அதேதான் இங்கேயும். வெற்றிட முறையில் கரைப்பானே கிடையாது, அதனால் பல அடுக்குகளை நிம்மதியாக ஏற்றலாம்.

மைத்துளி:
அதற்கெல்லாம் வழி கண்டுபிடித்தாயிற்று. அடியில் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரை நீரில் கலந்து பூசுவார்கள். மேலே வருவது கரிமக் கரைப்பானில், அது கீழே உள்ளதைத் தொடாது. இடையடுக்கைச் சூடாக்கிக் குறுக்கே பிணைத்துவிட்டால் அப்புறம் கரையாது.

என் கட்சி என்னவென்றால், வேதியியலை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, பணமும் காரணம். அந்தக் கண்டுபிடிப்பை வணிகமாக்க வந்த கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜி நிறுவனம் 1992இல் தொடங்கியது, 2004இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது, 2007இல் சுமிடோமோ கெமிக்கல் வாங்கிக்கொண்டது. அதே 2007இல் சோனி 11 அங்குல ஓஎல்இடி டிவியை விற்பனைக்கு விட்டது. சாம்சங் போன் திரைகளில் கொட்டிய முதலீட்டில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்திருந்தால்?

கரிச்சங்கிலி:
முதலீடு ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். மின்சாரத்தால் உண்டாகும் எக்சிடான்களில் (ஒளியாக மாறக்கூடிய கிளர்வுற்ற நிலைகள்) சுமார் 25 சதவீதம்தான் எளிதில் ஒளி தரும் ஒற்றை நிலை, மீதி 75 மும்மை நிலை. சாதாரண ஒளிர்பொருளில் அந்த 75 பெரும்பாலும் வெப்பமாகப் போகும். 1998 வாக்கில் ஃபாரஸ்ட், தாம்சன் குழுக்கள் கன உலோகச் சேர்மங்களால் அதையும் ஒளியாக்கின. சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் வந்து நிலைத்தது. பாலிஃப்ளுரீனில் பச்சை இரிடியத்தைக் கலந்தால் என்ன ஆகும்? பாலிமரின் மும்மை ஆற்றல் தாழ்வு, ஆற்றலை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

மைத்துளி:
நீலத்தில் உங்கள் சிறு மூலக்கூறு ஆட்களும் நீண்ட காலம் பழைய சாதாரண ஒளிர்பொருளைத்தானே ஓட்டினார்கள்! அச்சடிப்பும் சாகவில்லை. ஜப்பானின் ஜேஓஎல்இடி நிறுவனம் 2017இலேயே 21.6 அங்குல அச்சுத் திரையை மருத்துவ மானிட்டருக்கு அனுப்பியது.

கரிச்சங்கிலி:
2023 மார்ச்சில் அதே நிறுவனம் கடன் தாங்காமல் நீதிமன்றம் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பின்வரிசை:
இருவரும் இரண்டு வழக்கை ஒன்றாக வாதாடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பாலிமர் ஒரு பொருள், இங்க்ஜெட் ஒரு முறை. 2022இல் வந்த சாம்சங்கின் கியூடி-ஓஎல்இடியில் இங்க்ஜெட் இருக்கிறது, ஆனால் அச்சாவது ஒளியின் நிறத்தை மாற்றும் குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்துகள்கள். அடியில் இருக்கும் நீல ஓஎல்இடி ஆவியாக்கிப் படியவைத்ததுதான். எல்ஜியோ டிவியில் வெள்ளை ஒளியை முழுப் பரப்பிலும் படியவைத்து மேலே வண்ண வடிகட்டி போட்டுவிட்டது. தொய்கிற மெல்லிய மாஸ்க்கே அங்கே தேவைப்படவில்லை. மைத்துளியின் முதல் வாதம் பெரிய டிவியில் அதோடு போயிற்று.

கரிச்சங்கிலி:
இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம்.

பின்வரிசை:
இப்போது மடக்கும் போன் வாங்க நினைக்கிறேன். அதில் பாலிமர் ஏதாவது இருக்குமா?

மைத்துளி:
இருக்கும். திரையின் அடித்தளம் கண்ணாடி இல்லை, பாலிஇமைடு.

கரிச்சங்கிலி:
அது ஒளிராது. கணக்கில் வராது.

மைத்துளி:
நானும் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை. இங்க்ஜெட்டுக்கு மட்டும் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.