பல்லும் விழுந்து தலையிலும் அடி என்றால்?

மைதான முதலுதவிக் குறிப்பு ஒன்று எழுதுகிறோம். பிசியோக்களும் பல் மருத்துவர்களும் திருத்திச் சொல்லுங்கள்.

நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் வாயில் வெளியே தெரியும் பகுதியை மட்டும் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசி, உடனே குழியில் பொருத்தி, மடித்த துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். வேரைத் தேய்த்தால் அதன்மேல் உள்ள உயிரணுக்கள் போய்விடும். ஒரு மணி நேரம் உலர்ந்தாலும் அதே கதிதான். (பால் பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது.)

சிக்கல் இங்கேதான்: அதே ஆட்டக்காரர் தடுமாறுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். கன்கஷன் (அடியால் மூளை அதிர்ந்து பாதிக்கப்படுவது) சந்தேகம். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ பல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அதனால் பல்லைப் பாலில் போட்டு அவருடனேயே மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

லேசான தலைவலி மட்டும் சொல்லி, தெளிவாகப் பேசுகிறவருக்கும் இதே விதியா? உங்கள் அணியில் எப்படிச் செய்கிறீர்கள்?