2019 சான் ஹோசே ஆல்-ஸ்டார் திறன் போட்டியின் முழு ஒளிபரப்பு தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 2019 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் சான் ஹோசேயில் நடந்த என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ஆல்-ஸ்டார் திறன் போட்டியின், அதாவது நட்சத்திர வீரர்கள் வேகம் போன்ற தனித்திறன்களில் மோதும் நிகழ்ச்சியின், முழுமையான, வெட்டப்படாத தொலைக்காட்சிப் பதிவைத் தேடி வருகிறேன்.

காயமடைந்த நேதன் மெக்கின்னனுக்குப் பதிலாக வேகச் சறுக்கலில் இறங்கிய அமெரிக்க மகளிர் ஹாக்கி வீராங்கனை கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட் 14.346 வினாடிகளில் ஒரு சுற்றை முடித்ததையும், கானர் மெக்டேவிட் 13.378 வினாடிகளில் வென்றதையும், இப்போது சறுக்கக் கற்றுவரும் என் மகளுக்கு முதலிலிருந்து கடைசிவரை காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எனக்குக் கிடைத்த துணுக்குகளிலோ, வீரர் வளைவில் திரும்பும் கணத்தில் கேமரா முகத்துக்கு நெருங்கிவிடுகிறது. பனித்தளம் முழுவதும் தெரியும் தொலைவுக் காட்சியில்தான் வேகத்தை உணர முடியும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வார இறுதியில் சனியன்று நடந்த, அணிக்கு மூவர் மோதும் ஆட்டத்தைவிட இந்தத் திறன் போட்டியே ஆல்-ஸ்டார் வார இறுதியின் உயிர் என்றும் நினைக்கிறேன்.

அந்தப் பதிவை முறையான உரிமத்துடன் எங்கே பார்க்கலாம், கனடிய ஒளிபரப்புக்கும் அமெரிக்க ஒளிபரப்புக்கும் கேமராக் கோணங்கள் வேறுபட்டனவா என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.